பழைய மோடத்தின் வயது என்ன? கண்டுபிடிக்கவும் காப்பாற்றவும் ஓர் எளிய அறிமுகம்

பழைய கணினிப் பொருள்கள் சேர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: “இது 1984 மாடல் மோடம்.” எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் ஆளுக்கொன்றாக வரும். சிப்பின் மேல் 84 என்று இருந்தது என்பார் ஒருவர். கையேட்டில் பதிப்புரிமை 1984 என்று போட்டிருக்கிறது என்பார் இன்னொருவர். 2400 வேகம் வந்ததே அந்த ஆண்டுதானே என்பார் மூன்றாமவர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரும் சொல்வது மூன்று வேறு விஷயங்கள். அந்தக் குறிப்பிட்ட பெட்டி தொழிற்சாலையை விட்டு எப்போது வெளியே வந்தது என்பதை இவற்றில் எதுவும் தனியாகச் சொல்லிவிடாது.

இன்னொரு பக்கம், பொருள் கைக்கு வந்ததும் ஆர்வத்தில் ஸ்டிக்கரைச் சுரண்டி, மஞ்சளான பிளாஸ்டிக்கை வெளுக்க வைத்து, உள்ளே இருக்கும் பழைய பாகங்களைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதன் வயதைச் சொல்லக்கூடிய தடயங்களில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். வயதைக் கண்டுபிடிப்பதும் பொருளைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை. ஒன்றை அவசரமாகச் செய்தால் மற்றது கெடும். இதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். கணினித் தொடர்புக் கருவிகள் பல உண்டு என்றாலும் மோடத்தையே எடுத்துக்கொள்கிறேன். காயலான் கடையில் அதிகம் கிடைப்பதும் அதுதான், யோசிக்காமல் எடைக்குப் போடப்படுவதும் அதுதான்.

மோடம் என்ன செய்கிறது?

கணினிக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டு நிலைகள். பழைய தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே அது ஒழுங்காகக் கடத்தும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. ஆக, 0-வையும் 1-ஐயும் அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்ப வேண்டும், மறுமுனையில் அந்த ஒலிகளை மறுபடி 0, 1 ஆக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்யும் பெட்டிதான் மோடம்.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1962-ல் கொண்டுவந்த பெல் 103 என்ற முறையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். அழைக்கும் பக்கம் 1 என்று சொல்ல 1270 ஹெர்ட்ஸ், 0 என்று சொல்ல 1070 ஹெர்ட்ஸ். பதில் சொல்லும் பக்கம் 1-க்கு 2225, 0-க்கு 2025. இரண்டு பக்கமும் வெவ்வேறு சுருதியில் பேசுவதால் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள முடிந்தது. வேகம் நொடிக்கு 300 பிட். பிட் என்பது ஒரே ஒரு 0 அல்லது 1. ஓர் ஆங்கில எழுத்தை அனுப்ப ஏறத்தாழ 10 பிட் தேவை என்பதால், நொடிக்குச் சுமார் 30 எழுத்து. வேகமாகப் படிப்பவருடைய கண் அதற்கு ஈடுகொடுத்துவிடும்.

அந்தக் காலத்து மோடங்களில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தொலைபேசி ரிசீவரை அப்படியே அதில் கவிழ்த்து வைப்பார்கள். மோடம் ஒலி எழுப்பும், ரிசீவரின் வாய்ப்பகுதி அதைக் கேட்டு அனுப்பும். ஒலி இணைப்பான் என்று இதைச் சொல்லலாம். காது கேளாதவரான இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964-ல் இப்படி ஒரு கருவியை உருவாக்கினார். காது கேளாதவர்கள் பழைய தட்டச்சுத் தந்திக் கருவிகளை வைத்துத் தொலைபேசி வழியாகப் பேசிக்கொள்ளத்தான் அவர் அதைச் செய்தார். மோடத்தின் வரலாறு என்றாலே ராணுவமும் வங்கியும்தான் பேசப்படுகின்றன. இவரும் பேசப்பட வேண்டியவர்.

ஏன் கம்பியை நேரடியாகச் செருகவில்லை? அன்றைய அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனம் தன் கம்பியில் பிறர் கருவியை இணைக்க விடவில்லை. 1968-ல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் அரசின் தகவல்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை உடைத்தது. 1970-களின் பிற்பாதியில் கருவிகளைப் பதிவு செய்து நேரடியாக இணைக்கும் முறை வந்தது. வயது பார்க்கும்போது இந்தக் கதை உதவும்.

பொருள் ஒன்று, வயது பல

மங்களூர் ஓடு வேய்ந்த ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரோடு 1865 என்று அச்சாகியிருக்கிறது. உடனே வீடு 1865-ல் கட்டியது என்று சொல்லிவிட முடியுமா? அது ஆலை தொடங்கிய ஆண்டு. அதே முத்திரையோடு பல பத்தாண்டுகள் ஓடு வந்துகொண்டிருந்தது. வாசல் கதவு வேறொரு வீட்டை இடித்தபோது வாங்கியதாக இருக்கலாம், மின்சார மீட்டர் நேற்று மாட்டியதாக இருக்கலாம். வீடு எப்போது எழுந்தது என்று தெரிய வேண்டுமானால், கட்டும்போதே சேர்ந்த பொருள்களில் எது மிகவும் புதியது என்று தேட வேண்டும். வீடு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

மோடத்துக்கும் இதே நியாயம்தான். அது பின்பற்றும் விதிமுறை எழுதப்பட்ட ஆண்டு ஒன்று. சர்க்யூட் போர்டு வடிவமைக்கப்பட்ட ஆண்டு ஒன்று. ஒவ்வொரு சிப்பும் செய்யப்பட்ட வாரம் ஒன்று. பெட்டி பூட்டப்பட்ட நாள், கடையில் விற்ற நாள், யாரோ பழுது பார்த்த நாள் எல்லாம் வேறு வேறு. “1984 மோடம்” என்று சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறோம் என்று சேர்த்துச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான்: அசல் பாகங்களில் ஆகப் புதியது எதுவோ, அதற்கு முன் அந்தப் பெட்டி பூட்டப்பட்டிருக்க முடியாது. அது கீழ் எல்லை. மேல் எல்லைக்கு ரசீது, உத்தரவாதச் சீட்டு, அலுவலக இருப்புப் பதிவு மாதிரி ஏதாவது ஒரு தாள் வேண்டும். வரிசை எண்ணை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். தொழிற்சாலையின் பதிவேடு கையில் இல்லாமல் வரிசை எண் ஆண்டைச் சொல்லாது. இரண்டு பெட்டிகளில் எது முந்தியது என்று ஊகிக்க வேண்டுமானால் உதவும்.

சிப்பின் மேல் இருக்கும் எண்கள்

மேல்மூடியைத் திறந்தால் பச்சை போர்டில் கறுப்புச் சிப்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலான சிப்களில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று பாக எண், அதாவது அது என்ன சிப் என்பது. மற்றது தேதிக் குறி, அதாவது அது எப்போது செய்யப்பட்டது என்பது. தேதிக் குறி பெரும்பாலும் நான்கு இலக்கம். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 8534 என்றால் 1985-ன் 34-ஆவது வாரம், ஆகஸ்ட் மாதக் கடைசி வாக்கில்.

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இருக்கிறது. கணினிக்கு உள்ளே செருகும் பழைய மோடம் அட்டை ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் 40 கால்கள் உள்ள பெரிய சிப். அதன் மேல் 8250 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 1982, 50-ஆவது வாரம், டிசம்பர் என்று படிக்கத் தோன்றும். அது தேதியே இல்லை. 8250 என்பது கணினியின் தரவை வரிசையாக ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சிப்பின் பெயர். ஐபிஎம் பிசியின் தொடர் இணைப்பு அட்டையில் இருந்தது இந்த வகைதான். அதே சிப்பின் இரண்டாவது வரியில், சின்ன எழுத்தில் 8534 என்று இருக்கும். தேதி அதுதான். பக்கத்தில் 7432 என்று ஒரு குட்டிச் சிப் இருந்தால் அதுவும் 1974 இல்லை. 74 என்று தொடங்கும் ஒரு பெரிய சிப் குடும்பமே உண்டு, அதில் அது ஓர் உறுப்பினர்.

எப்படிப் பிரித்தறிவது? பாக எண்ணுக்கு முன்னும் பின்னும் பெரும்பாலும் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தேதிக் குறி தனியாக நிற்கும், அல்லது ஒரே ஓர் எழுத்தோடு வரும். கடைசி இரண்டு இலக்கம் 53-க்கு மேல் போனால் அது வாரமாக இருக்க வழியில்லை. எல்லாவற்றையும் விட நல்ல வழி, போர்டில் இருக்கும் எல்லாச் சிப்களையும் எழுதிக்கொள்வது. பத்துச் சிப்பில் எட்டு 1985-ன் நடுவில் கூடி நின்றால், அந்தக் கூட்டத்துக்குள்தான் உண்மை இருக்கும். ஒன்று மட்டும் 1991 என்று தனியாக நின்றால் அது பழுது பார்த்தபோது மாற்றியதாக இருக்கலாம். போர்டைத் திருப்பி அந்தச் சிப்பின் கால்களில் வைத்த ஈயம் மற்றவற்றிலிருந்து வேறு மாதிரி மினுங்குகிறதா என்று பாருங்கள். கையால் வைத்த ஈயம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சில சிப்களில் வட்டத்துக்குள் சி என்ற பதிப்புரிமைக் குறியும் அருகில் ஓர் ஆண்டும் இருக்கும். இன்டெல் சிப்களில் இதை நிறையப் பார்க்கலாம். அது அந்த வடிவமைப்புக்கு உரிமை கோரிய ஆண்டு. நம் ஓட்டில் இருந்த 1865 மாதிரிதான். போர்டிலேயே அச்சான பதிப்புரிமை ஆண்டும் அப்படியே. சில ஜப்பானிய சிப்களில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். 5 என்றால் 1985-ஆ 1995-ஆ என்பதை மற்ற பாகங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தேதிக் குறி வேறு, பாக எண் வேறு, பதிப்புரிமை ஆண்டு வேறு. ஒரு சிப்பை நம்பாமல் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அசல் பாகங்களில் கடைசியாகச் செய்யப்பட்டதே கீழ் எல்லை.

வேகத்தை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

கொஞ்சம் சொல்லலாம். பெல் 103 என்றால் 300, ஆண்டு 1962. சர்வதேச விதிமுறைகளில் வி.22பிஸ் 2400 பிட், 1984. வி.32பிஸ் 14,400, 1991. வி.34 28,800, 1994. இதுவே 1996-ல் 33,600 ஆனது. 56 கே, அதாவது 56,000 பிட், என்று எல்லோரும் சொல்லும் வி.90, 1998. ஒரு மோடம் வி.34 பேசுகிறது என்றால் அது பெரும்பாலும் 1994-க்கு முந்தியதாக இருக்காது. அவ்வளவுதான் இந்தப் பட்டியல் தரும் தகவல். மேல் எல்லையை இது தராது, ஏனென்றால் புதிய மோடம் பழைய முறைகளையும் பேசும். 1998-ல் வாங்கிய 56 கே மோடங்கள் பலவும் 1962-ன் பெல் 103 மோடத்தோடு பேசிவிடும். விதிமுறை வந்த ஆண்டே பொருளும் வந்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 9600 வேகத்துக்கான வி.32 எழுதப்பட்டது 1984-ல். வீட்டுக்கு வாங்கும் விலையில் அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஆனால் 56 கே வேகத்தில் ஓர் இடம் மட்டும் ஆண்டை அழகாகக் குறுக்கித் தரும். வி.90 என்ற பொது விதிமுறை வருவதற்கு முன், 1997-ல் இரண்டு அணிகள் மோதிக்கொண்டிருந்தன. யுஎஸ் ரோபாட்டிக்ஸ் பக்கம் எக்ஸ்2, ராக்வெல் மற்றும் லூசென்ட் பக்கம் கே56ஃபிளெக்ஸ். ஒன்றோடு ஒன்று 56 கே வேகத்தில் பேசாது. பெட்டியில் எக்ஸ்2 மட்டும் இருந்து வி.90 இல்லை என்றால், 1997-லோ 1998-ன் தொடக்கத்திலோ நிற்கிறீர்கள்.

பாட், பிட் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பாட் என்பது ஒரு நொடியில் கம்பியில் ஓடும் ஒலி எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. பெல் 103-ல் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட் என்பதால் 300 பாடும் 300 பிட்டும் ஒன்றாக இருந்தன. வி.22பிஸ்ஸில் மாற்றம் நொடிக்கு 600 முறைதான். ஒவ்வொரு மாற்றத்திலும் 4 பிட்டை ஏற்றி 2400 ஆக்கினார்கள். அதனால் “2400 பாட் மோடம்” என்று விளம்பரத்திலும் பேச்சிலும் வந்தாலும், அந்தப் பெட்டி ஓடுவது 600 பாடில். பழைய ஆவணங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பெயர், முத்திரை, லேபிள்

நிறுவனங்களின் பெயர் மாற்றங்கள் நல்ல தடயம். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடத்தில் 3காம் நிறுவனத்தின் சின்னமும் இருந்தால் அது 1997-ல் யுஎஸ் ரோபாட்டிக்ஸை 3காம் வாங்கிய பிறகு வந்தது. ராக்வெல்லின் சிப் பிரிவு 1999-ல் கோனெக்ஸன்ட் என்று தனியானது. அந்தப் பெயர் போட்ட சிப் இருந்தால் 1999-க்கு முன் போகாதீர்கள். வி.34 போன்ற விதிமுறைகளை எழுதும் சிசிஐடிடி என்ற சர்வதேச அமைப்பு 1993-ல் ஐடியு-டி ஆனது. பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மேற்கு ஜெர்மனியில் தயாரானது என்று இருந்தால் 1990-க்குப் பிந்தியதாக இருப்பது அரிது. பிரிட்டிஷ் தொலைபேசிச் செருகி அசலாகவே இருந்தால் 1981-க்குப் பிறகு. ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ முத்திரை 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தொலைபேசிப் பதிவு எண் லேபிளில் இருந்தால் 1970-களின் பிற்பாதிக்கு முன் இல்லை.

வடிவத்தை மட்டும் நம்ப வேண்டாம். ரப்பர் கிண்ணம் இருப்பதால் 1960-கள் என்று சொல்லிவிடக் கூடாது. விடுதி அறையிலும் பொதுத் தொலைபேசியிலும் கம்பியைச் செருக முடியாத பயணிகளுக்காக 1990-களிலும் ஒலி இணைப்பான்கள் விற்றன.

நம் ஊரில் கிடைக்கும் மோடங்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலத்தவை. அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தொடங்கியது, தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. வீடுகளுக்கு மோடம் பரவலாக வந்தது அதன் பிறகுதான். அதற்கு முந்தியவை பெரும்பாலும் கல்வி நிறுவனங்களிலும் வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும்தான் இருந்தன. கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட் திட்டம் 1986-ல் தொடங்கியது, சென்னை ஐஐடியும் அதில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தின் சொத்து எண் ஸ்டிக்கர் ஒட்டிய மோடம் கையில் கிடைத்தால், தயவுசெய்து அந்த ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். பொருளை விட ஸ்டிக்கர் அரிது.

மோடத்திடமே கேட்கலாம்

1981-ல் ஹேய்ஸ் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற பெட்டியை வெளியிட்டது. டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் இருவரின் உழைப்பு அது. உள்ளே ஒரு குட்டி நுண்செயலியை வைத்து, கணினியிலிருந்து வரும் கட்டளைகளை மோடமே புரிந்துகொள்ளும்படி செய்தார்கள். ஏ, டி (AT) என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் இந்தக் கட்டளைகளைப் பின்னர் மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன.

அந்த இரண்டு எழுத்துக்குப் பின் ஐ (I) சேர்த்து அனுப்பினால் மோடம் தன்னைப் பற்றி ஏதாவது சொல்லும். எண்களை மாற்றி மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடங்கள் பலவற்றில் ஐ7 என்று கேட்டால் உள்ளே இருக்கும் மென்பொருளின் தேதியே வரும். வயது பார்க்க இதைவிட வசதி வேறில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த நிறுவனத்தின் கூரியர் வகை மோடங்களில் உள்மென்பொருளைப் புதுப்பிக்க முடியும். 1998 என்று வந்தால் பெட்டி 1998 என்று பொருளில்லை. சிப்களின் கூட்டம் என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

சரி, காப்பாற்றும் வேலைக்கு வருவோம். முதல் வேலை படம் எடுப்பது. எல்லாப் பக்கமும், எல்லா லேபிளும், மூடியைத் திறந்த பிறகு போர்டின் இரு பக்கமும். வெளிச்சத்தைச் சாய்வாக விழ வைத்தால் சிப்பின் மங்கிய எழுத்துகள் தெரியும். துடைப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். சிப்பின் மேல் இருக்கும் மை சில நேரம் ஆல்கஹாலில் கரைந்து போய்விடும், கூடவே தேதியும் போய்விடும்.

அடுத்தது அடாப்டர். பழைய மோடத்தைக் கொல்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. செருகி பொருந்துகிறது, வோல்ட்டும் ஒன்றுதான் என்று ஏதோ ஓர் அடாப்டரை மாட்டிவிடுகிறார்கள். மோடங்கள் பலவற்றுக்குத் தேவை ஏசி வெளியீடு தரும் அடாப்டர், நமக்குப் பழக்கமான டிசி அல்ல. ஏசி என்றால் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், டிசி என்றால் ஒரே திசையில் ஓடுவது. அடாப்டர் லேபிளில் வெளியீட்டுக்குப் பக்கத்தில் அலை மாதிரி வளைகோடு இருந்தால் ஏசி. நேர்கோடும் அதன் கீழ் புள்ளிக்கோடும் இருந்தால் டிசி.

ஏன் ஏசி? மோடத்தையும் கணினியையும் இணைக்கும் 25 முனை கேபிள் ஆர்எஸ்-232 என்ற முறையில் பேசுகிறது. அதில் ஒரு நிலைக்கு நேர் மின்னழுத்தம், மற்றதற்கு எதிர் மின்னழுத்தம். இரண்டும் வேண்டும். ஏசி உள்ளே வந்தால், ஒரு டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம், மேல் பாதியைப் பிடித்து நேர் அழுத்தம் ஆக்கும், இன்னொரு டையோடு கீழ்ப் பாதியைப் பிடித்து எதிர் அழுத்தம் ஆக்கும். மலிவாக வேலை முடிந்தது. அந்த இடத்தில் டிசியைக் கொடுத்தால் ஒரு பாதிக்கு மட்டும் உயிர் வரும். விளக்கு எரியும், கணினிக்குப் பதில் வராது, மோடம் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இப்படி நல்ல மோடங்கள் எத்தனையோ போயிருக்கும். டிசி கேட்கும் கருவிக்கு ஏசி கொடுப்பது இன்னும் மோசம், உள்ளே கண்டன்சர் வெடிக்கலாம்.

கண்டன்சர், பேட்டரி, ரப்பர்

போர்டில் குட்டி உருளைகள் மாதிரி நிற்பவை எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துச் சீராக விடுவது அவற்றின் வேலை. உள்ளே ஈரமான ஒரு வேதிப்பொருள் இருக்கும். காலப்போக்கில் அது காயும் அல்லது கசியும். 1980-களின் கடைசியிலும் 1990-களின் முதல் பாதியிலும் வந்த, போர்டின் மேலேயே ஒட்டி வைக்கும் சிறிய வகைதான் அதிகம் கசியும். அடியில் போர்டு கறுத்திருக்கும், செப்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். அந்த இடத்தில் சால்டரிங் அயர்னை வைத்தால் மீன் நாற்றம் அடிக்கும். அப்படி வந்தால் மாற்றியே ஆக வேண்டும், விட்டுவைத்தால் தடங்களை அரித்துவிடும். கழற்றிய கண்டன்சரைத் தூக்கி எறியாமல், எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள். அதன் மேலும் தேதிக் குறி இருக்கலாம். கசியாமல், வீங்காமல், அளவும் சரியாகக் காட்டும் கண்டன்சரை ‘பழசு’ என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நினைவகத்துக்காக வைத்த பேட்டரி ஏதாவது இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒலி இணைப்பானின் ரப்பர் கிண்ணம் வறண்டு வெடித்திருக்கும். எண்ணெய் தடவாதீர்கள், சில மாதத்தில் பிசுபிசுத்துவிடும். உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு உதிர்ந்து தூளாகியிருந்தால் மென்மையாக எடுத்துவிட்டு, எடுத்ததைக் குறித்து வையுங்கள். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பது பரவலான பழக்கம். மஞ்சள் பெரும்பாலும் திரும்பி வரும், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் கெட வாய்ப்பு உண்டு. லேபிள் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருப்பதுகூட ஒரு தடயம்தான், அங்கே ஏதோ ஒன்று இருந்தது என்று சொல்கிறது. மஞ்சள் அப்படியே இருக்கட்டும்.

உள்ளே இருக்கும் மென்பொருள்

1980-களின் மோடங்கள் சிலவற்றில் நடுவில் வட்டமான கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சிப் இருக்கும், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது ஈப்ராம். மோடத்தை இயக்கும் நிரல் மின்னேற்றமாக அதற்குள் பதிந்திருக்கிறது. சன்னல் எதற்கு? புறஊதா ஒளியைக் காட்டி அழித்துவிட்டு மறுபடி எழுதுவதற்கு. நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அழிந்துவிடலாம். டியூப் லைட் வெளிச்சத்திலேயே மூன்று ஆண்டு அளவில் அழியக்கூடும் என்று அந்தக் காலத்துச் சிப் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஸ்டிக்கர் அந்தச் சன்னலுக்குத் திரை. பல நேரம் பதிப்பு எண்ணும் தேதியும் கையாலோ அச்சாகவோ எழுதியிருப்பதும் அதே ஸ்டிக்கரில்தான். அதைச் சுத்தம் என்ற பெயரில் உரிப்பவர் ஒரே இழுப்பில் தேதியையும் எடுத்துவிடுகிறார், நிரலையும் ஆபத்தில் விடுகிறார்.

மூடியே வைத்திருந்தாலும் மின்னேற்றம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசியும். அதனால் நிரலைப் படித்து ஒரு கோப்பாகச் சேமிப்பது அவசரமான வேலை. யுஎஸ்பியில் இணையும் மலிவான ஈப்ராம் படிப்பான்கள் கிடைக்கின்றன. சிப்பை இரண்டு முனையிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

1990-களின் கடைசியில் வந்த மலிவான உள் மோடங்களில் பிரச்சினை வேறு மாதிரி. வின்மோடம் என்று அழைக்கப்பட்ட இவற்றில் ஒலியை மாற்றும் கணக்கை அட்டை செய்யாது, கணினியின் செயலிதான் செய்யும். அதற்கான டிரைவர், அதாவது அந்த வேலையைச் செய்யும் விண்டோஸ் மென்பொருள், தொலைந்துவிட்டால் அட்டை வெறும் பிளாஸ்டிக். கூட வந்த குறுந்தகட்டைச் சேமிப்பதுதான் இங்கே வன்பொருளைச் சேமிப்பது.

காப்பாற்றும் பகுதியைச் சுருக்கமாக: படம், பிறகு அடாப்டர் சோதனை, பிறகு கசிவு பார்ப்பது, பிறகு நிரலைப் படிப்பது. துடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஓடுகிறதா என்று பார்ப்பது

லேண்ட்லைன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு மோடங்களை ஒரு தொலைபேசி ஒயரால் நேராக இணைத்து, இரண்டையும் இரண்டு கணினியில் மாட்டுங்கள். ஒன்றிடம் டயல் டோனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு டயல் கட்டளை கொடுங்கள், அதற்கு எக்ஸ்3 என்ற அமைப்பு உண்டு. மற்றதிடம் பதில் சொல்லும் கட்டளை கொடுங்கள். பெரும்பாலான மோடங்கள் பேசத் தொடங்கிவிடும். கம்பியில் கொஞ்சம் மின்னோட்டம் இருந்தால்தான் எழுந்திருக்கும் மோடங்களும் உண்டு, அவற்றுக்குத் தொலைபேசி நிலையம் போல நடிக்கும் சிறு பெட்டி தேவைப்படும்.

பதில் சொல்லும் மோடத்தின் முதல் ஒலியைக் கவனியுங்கள். 2225 ஹெர்ட்ஸ் என்றால் பெல் முறை, 2100 என்றால் சர்வதேச முறை. கைப்பேசியில் இருக்கும் சுருதி பார்க்கும் செயலியே இதைக் காட்டிவிடும். அந்த ஒலியை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். 300 பிட் வேகத்தில் பேசியதை ஒயரிலிருந்தே நேராகப் பதிந்து வைத்திருந்தால், மினிமோடம் என்ற இலவச மென்பொருளை வைத்து அதிலிருந்து எழுத்துகளையே திரும்ப எடுக்கலாம்.

உண்மையான தொலைபேசிக் கம்பியில் இணைப்பதானால் மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது செய்யாதீர்கள். கம்பி சும்மா இருக்கும்போதே அதில் சுமார் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் ஏசி பாயும், கை பட்டால் நன்றாகவே அடிக்கும். இப்போது ஃபைபரில் வரும் தொலைபேசி இணைப்புகளில் குரல் துண்டு துண்டாகப் பொதிந்து போவதால் வேகமான மோடங்கள் தடுமாறும். 300, 1200 வேகங்கள் ஓரளவு தாங்கும்.

எழுதி வைப்பது, எடுத்து வைப்பது

மோடத்தோடு ஒரு தாள் இருக்கட்டும். சிப்களின் தேதிக் குறிகள், லேபிள் வாசகங்கள், எங்கே கிடைத்தது, எதை மாற்றினீர்கள், எந்த அடாப்டர். வயதை ஒற்றை ஆண்டாக எழுதாமல் இப்படி எழுதலாம்: “போர்டு வடிவமைப்பு 1983. அசல் சிப்களில் கடைசி 8534. எனவே 1985 ஆகஸ்டுக்குப் பிறகு பூட்டப்பட்டது. அலுவலக இருப்புப் பதிவு 1987. ஒரு சிப் 1991-ல் அல்லது அதற்குப் பின் மாற்றப்பட்டது.” பின்னால் வருகிறவர் உங்கள் கணக்கைச் சரிபார்க்கவும் திருத்தவும் இது இடம் கொடுக்கும்.

எடுத்து வைக்கும்போது கேபிளைப் பெட்டியைச் சுற்றிக் கட்ட வேண்டாம். கேபிளின் மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் பெட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கித் தழும்பு போடும். ரப்பர் பேண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். கேபிளைப் பருத்தி நாடாவால் கட்டித் தனிக் கவரில் போடுங்கள். கழற்றிய அட்டைகளை நிலைமின்சாரம் தாக்காத கவரில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊரில் இருந்தால் இறுக்கமாக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் கட்டாயம். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்த்து, நிறம் மாறியிருந்தால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம்.